வளர்மதி பாடாத ஞாயிறு

வளர்மதி பாட ஆரம்பித்தால், வெளியே சைக்கிளை நிறுத்துகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். விருத்தாசலம் செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னச் சபையில் ஆர்மோனியம் கிடையாது. அவள் குரல் ஒன்றே போதுமானதாக இருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷ மழைக்காலத்தில் அவளுடைய நாலு வயது மகள் வெண்மதி மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வந்த ஞாயிறே வளர்மதி முன்னால் போய் நின்று பாடினாள். சுதி கொஞ்சமும் பிசகவில்லை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதுவல்லவா விசுவாசம் என்று பாஸ்டர் சாமிதுரை பிரசங்கத்திலேயே சொன்னார். அதன் பிறகு அவளால் பாடாமல் இருக்க முடியாமல் போயிற்று.

பாடும்போது அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. கர்த்தர் நல்லவர் என்று வாய் சொல்லும். மனசோ கல்லறைத் தோட்டத்து ஈர மண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் ஜெபம் செய்வதையும் விட்டுவிட்டாள். சூளையில் வேலை பார்த்த கணவன் மாணிக்கவேல் மகள் பெயரையே எடுப்பதில்லை. சோறு, தண்ணீர், ஷிப்ட்டு என்ற அளவோடு இருவர் பேச்சும் நின்றுபோனது.

வளர்மதி வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈரப் பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சீவுகிறவள் பாஞ்சாலை. புருஷன் செத்தபோது கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், தன் வழக்கைச் சாமி முன்னால் பிராதாக எழுதிக் கட்டிவிட்டு வந்தவள். ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நான் எங்க சாமிகிட்ட கேக்க வேண்டியத கேட்டுட்டன். நீ உங்க சாமிகிட்ட ஒண்ணுமே கேக்கலியா?"

மீதிச் சோற்றை மூடி வைத்துவிட்டு வளர்மதி அடுத்த பொம்மையை எடுத்தாள்.

அடுத்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குச் சுற்றுவட்டாரத்துக் கம்மாபுரம், மங்களூர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் பூசணியும் வாழைத்தாரும் நெல்லும் குவிந்திருந்தன. பாஸ்டர் அவளைப் பாடக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள்.

"என்னால பாட முடியல," என்றாள்.

பிறகு ஜனங்களைப் பார்க்காமல் நிமிர்ந்து பேசினாள். ஜெபத்தில் எல்லாரும் ஆண்டவரை நீர், உம்மை என்பார்கள். அவள் பெற்ற தகப்பனிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"எம் புள்ளைய ஏன் எடுத்துக்கிட்டீங்க? ஆஸ்பத்திரில அப்பிடிக் கூப்புட்டனே, காதுல விழலியா? உங்க மேல எனக்குக் கோவமா இருக்குது. அத உள்ள வச்சிக்கிட்டே பாட்டு பாடிக்கிட்டு இருந்தன். இனிமே பொய்யா பாட மாட்டன்."

வேறு பாட்டைத் தொடங்கிச் சமாளிக்கலாம் என்று பாஸ்டர் எழுந்து கையை உயர்த்தினார். அதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து மாணிக்கவேல் வந்து மனைவி பக்கத்தில் நின்றான்.

"எனக்கும்தான் ஆண்டவரே," என்றான். "வெண்மதி இல்லாத வூட்டுக்குப் போகவே புடிக்கல."

அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டதும் வளர்மதி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. பாஸ்டர் உயர்த்திய கையை இறக்கினார். முழங்கால் போட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும் முழங்காலிட்டார்கள். அன்றைக்கு ஆராதனையில் பாட்டே இல்லை.

தேவ சந்நிதியில் இப்படிப் பேசலாமா என்று மங்களூர்க்காரர் ஒருவர் வாசலில் குறைப்பட்டுக்கொண்டார். இந்தச் சபைக்கு வந்த நாளாக இப்படி ஒரு ஜெபத்தைத் தான் கேட்டதில்லை என்று மட்டும் பாஸ்டர் பதில் சொன்னார்.

புருஷனும் பெண்சாதியும் ரயில்வே லைன் ஓரமாக நடந்தே வீடு திரும்பினார்கள். வழியெல்லாம் மகளைப் பற்றிப் பேசினார்கள். அவள் மழலையைச் சொல்லி ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தார்கள். அன்று சாயங்காலம் வளர்மதி ஜெபித்தாள். கேட்டதற்குப் பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அதன் பிறகு பல ஞாயிறுகள் அவள் மற்றப் பெண்களோடு பாயில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பாஸ்டரும் கூப்பிடவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் ஒரு நாள், எல்லாரும் பாடிக்கொண்டிருக்கும்போது, இருந்த இடத்திலிருந்தே சேர்ந்துகொண்டாள். இரண்டாவது அடியிலேயே குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. அந்தக் குரலிலேயே கடைசி அடி வரைக்கும் பாடினாள்.