இன்னும் இரண்டு மாதம்

அம்மாவுக்காக உடுத்திய வெள்ளைச் சாக்குத்துணியை யூதிங் களைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மொத்தம் இருபத்தேழு மாதத் துக்கம். அது முடியும்வரை மகன் அரசு உத்தியோகத்துக்கான பரீட்சை எழுதக் கூடாது, விருந்துக்குப் போகக் கூடாது.

பரீட்சைக்குப் படகேறவிருந்த நாளில்தான் அம்மா இறந்தாள். மனைவி சூயே யூதிங்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கிளம்புங்க. ஒன்பது நாள்தானே? அத்தையை நான் பார்த்துக்கிறேன். நீங்க திரும்பி வந்தப்புறம்தான் போனாங்கன்னு ஊருக்குச் சொல்லிக்கலாம்" என்றாள். அவர் படகைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஏழு முறை எழுதித் தோற்றிருந்தார். அந்த முறை ஜெயிப்பார் என்று ஊரே நம்பியிருந்தது.

இருபத்தைந்து மாதம் கழித்து, சீனப் பஞ்சாங்கத்தின் எட்டாம் மாதத்தில் ஒருநாள், சோயாவை அரைத்து டோஃபுக் கட்டி விற்கும் அடுத்த வீட்டுப் பாங் சந்தையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"அண்ணே! பரீட்சையையே எடுத்துட்டாங்களாம்! பேரரசர் ஆணையாம்! இனி உங்க புஸ்தகத்துல கடலை மடிக்கலாம்!"

யூதிங் சிரிக்கவில்லை. எத்தனையோ அரச வம்சங்கள் விழுந்தன. புதிதாக வந்த ஒவ்வொருவனும் குதிரையை விட்டு இறங்கியதும், குருநாதர் கன்ஃபூசியஸின் நூல்களைத் திறந்து பரீட்சையைத் திரும்ப நடத்தினான். ஆயிரத்து முந்நூறு வருஷம் அப்படித்தான் போயிற்று. இப்போது ஒரே ஒரு காகிதத்தில் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலை துக்க உடையின் இடுப்புச் சணல்கயிற்றை அவிழ்த்தார்.

"கழட்டிடப் போறேன், சூயே. நீ சொன்னதைக் கேட்டிருக்கணும். யாருக்காக இதெல்லாம்?"

அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம்; அதற்குப் பதில் அரிசிக் கஞ்சியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வாசலில் ஏதோ சத்தம் கேட்டது. பாங் நிலைப்படிக்கு வெளியே மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கிக்கொண்டிருந்தான். துக்கச் சேதி கொண்டுவருபவன் உள்ளே வர மாட்டான்.

"அப்பா போயிட்டாருண்ணே, விடியற்காலைல." தலையை நிமிர்த்தினான். "நான் படிக்காதவன். ரெண்டும் ஒரே புஸ்தகம்தானே, பரீட்சை போச்சுன்னா அழறதும் போச்சா? துக்கத்துல எத்தனை நாள் உட்காரணும்? திரிகை நின்னா நாலு பிள்ளைங்க வாயும் நின்னுடும். வேலைக்குப் போனா அப்பா கோவிச்சுப்பாரோ?"

யூதிங்குக்கு எல்லா விதிகளும் மனப்பாடம். ஆனால் அவற்றைத் தேடாமல் அவனுடைய சிவந்த கண்களைத்தான் பார்த்தார்.

"மூணு நாள் உன் வீட்ல அடுப்பு எரிய வேண்டாம். கஞ்சி இங்கேருந்து வரும். நீ அப்பா பக்கத்துல உட்காரு. திரிகையை நான் சுத்துறேன்."

"நீங்களா?" பாங் அழுகையோடு சிரித்துவிட்டான். "அந்த நகத்தை வச்சுக்கிட்டா?"

கைவேலை செய்யாத படிப்பாளிகளின் வழக்கப்படி அவரும் இடக்கைச் சுண்டுவிரல் நகத்தை ஒரு விரல் நீளத்துக்கு வளர்த்திருந்தார். சூயே கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டு அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார். ஊறிய சோயாவைத் திரிகையில் போட்டுச் சுற்றத் தொடங்கினார். நாலு சுற்றிலேயே மூச்சு வாங்கியது. உள்ளேயிருந்து பாங்கின் அழுகை கேட்டது. கணக்கு வைக்காத அழுகை. இருபத்தைந்து மாதமாகத் தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு குறையும் வைக்காமல் விதிப்படி துக்கம் காத்தார். ஆனால் அடுத்த பரீட்சைக்கு நாள் எண்ணினாரே தவிர, அம்மாவை நினைக்கவில்லை. குளிர்காலத்தில் மை உறையாமலிருக்க, அவர் மை உரைக்கும் கல்லைத் தன் மடியில் வைத்துச் சூடாக்கித் தந்தவளை அவர் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

கை சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணீர் தாடியில் இறங்கியது. எவர் ஆணையும் எடுத்துவிட முடியாத அந்த அழுகையை வானம் அவருக்கு இவ்வளவு தாமதமாகவாவது கொடுத்துவிட்டது.

அன்றைய டோஃபு திப்பிதிப்பியாக இருந்தது. கிண்ணத்தோடு வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.