வெயில் இருக்கும்போது என்ன கவலை

கல் அறுக்கும் பட்டறைத் தூசி அப்பாவின் நுரையீரலைத் தின்றுவிட்டது. மிச்சம் மீதியை ஓட்டிக்கொண்டிருந்தது கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஆக்ஸிஜன் மெஷின். அது ராப்பகலாக ஓட வேண்டும். கரண்ட் பில் வரும் நாளில் அம்மா யாருக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

பகலில் யூனிட்டுக்குக் குறைந்த விலை, சாயங்காலம் அதிக விலை என்று புது ஏற்பாடு வந்ததும் அவள் வீட்டையே தலைகீழாக்கினாள். வாஷிங் மெஷின், இஸ்திரிப்பெட்டி எல்லாம் மதியத்தோடு சரி. விளக்கு வைக்கும் நேரத்தில் நான் மிக்ஸியைத் தொட்டால் சமையலறை வாசலில் வந்து நிற்பாள்.

"கரண்ட் ஆபீசர் வந்தாச்சு... ஓடிடு," என்பார் அப்பா, கட்டிலில் இருந்தபடியே, மூச்சை விட்டு விட்டு.

அடுத்து மொட்டைமாடியில் சோலார். முன்பணத்துக்குக் கொஞ்சம் இடித்தது. கரண்ட் போனால் மெஷினைத் தாங்குவதற்காக மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்திருந்தோம். அளவெடுக்க வந்த சோலார்காரர்கூட அதைத் தட்டிப் பார்த்து நல்ல பேட்டரி என்றிருந்தார். அதை விற்றுவிடலாம் என்றாள் அம்மா. நான் தயங்கினேன்.

"கரண்ட் போறதெல்லாம் பகல்லதானே. ராத்திரியில என்னைக்காவது போயிருக்கா? பகல்ல நமக்கு வெயில் இருக்கு. வெயில் இருக்கும்போது என்ன கவலை?"

அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. நன்றாக யோசிக்கிறாளே என்றுதான் நினைத்தேன். பேட்டரி போனது, பேனல் வந்தது, பில் பாதியாக இறங்கியது. அதுவரை கரண்ட் ஒருதடவைகூடப் போகவில்லை. போவோர் வருவோரிடமெல்லாம் அம்மா அந்தப் பில்லைக் காட்டினாள்.

அந்த வியாழக்கிழமை உச்சிவெயிலில் மெஷின் ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றது. மின்விசிறியும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம்.

"பேனல்ல தூசி படிஞ்சிருக்கும்," என்று அம்மா வாளியும் துணியுமாக மாடிக்கு ஓடினாள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகு சோலார்காரரைக் கூப்பிட்டேன்.

"லைன்ல கரண்ட் போனா சோலாரும் தானா நின்னுடும்மா," என்றார் அவர். "இல்லேன்னா கம்பத்துல வேலை பார்க்கிறவங்களுக்கு ஷாக் அடிச்சிடும்ல. அதுக்கென்ன, உங்க வீட்டுலதான் பேட்டரி இருக்கே."

போனைக் கட்டிலில் போட்டேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்த வெயில்மேல் கோபம் வந்தது. ஊரை எரிக்கிறது, ஒரு மெஷினை ஓட்டத் துப்பில்லை.

அப்பாவை நிமிர்த்தி என்மேல் சாய்த்துக்கொண்டேன். உதடு நீலமாகியிருந்தது. மேலே துணி தேய்க்கும் சத்தம் கேட்டது.

"இப்ப வந்துச்சா?"

"இல்லம்மா. நீ கீழ வா."

"இரு, இன்னும் ரெண்டுதான் பாக்கி."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"ஆபீசர... வெயில்ல நிக்க..." என்றார். அதோடு சரி.

என் தோளில் அவர் தலை கனத்தது. மார்பில் வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்திருக்கையில் மின்விசிறி சுழன்றது. மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பி, அவர் மூக்குக் குழாயில் காற்றை ஊதியது.

"வந்துருச்சு பாத்தியா," மாடியிலிருந்து அம்மாவின் குரல். "நான்தான் சொன்னேனே, தூசிதான்." சொட்டச் சொட்ட ஈரத்துணியோடு, வெயிலில் சிவந்த முகத்தோடு, சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்களும் போய்விட்டார்கள். அம்மா சுவரில் சாய்ந்து ஒன்றையே சொல்லிச் சொல்லி அழுகிறாள்: "நான் இன்னும் கொஞ்சம் வேகமா தொடச்சிருந்தா உங்கப்பா பொழைச்சிருப்பாரு."

அந்தப் பழியை அவள் தலையிலிருந்து இறக்கிவைக்க என்னால் முடியும். "தூசி இல்லம்மா" என்றால் போதும்.

"பின்ன என்ன?" என்று கேட்பாள்.