முழங்காலிட்டால் தெரியும் படம்

“அத்தே, எங்கன நின்னு பாத்தா அப்பா தெரிவாவ?”

அண்ணன் மகள் அனிஷா ஒருநாள் இப்படிக் கேட்டாள். ஈவாஞ்சலின் வரைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. சுவரிலும் தூணிலும் கூரையிலும் சிதறிக் கிடக்கும் வண்ணத் துண்டுகள், ஒரே ஓர் இடத்திலிருந்து பார்த்தால் மட்டும் முழுப் படமாகக் கூடும். கடலில் போய்த் திரும்பாத அப்பாவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டது.

காட்ட வேண்டியவருக்குக் காட்டுகிறேன் என்று ஈவாஞ்சலின் மனதில் கறுவிக்கொண்டாள்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்த நாளில் அண்ணன் ஜாக்சனை விசைப்படகில் அனுப்பியவர் மனுவேல் முதலாளி. தேடப் படகு கேட்டுப் போனவர்களிடம், “டீசல உங்க அப்பனா ஊத்துவான்?” என்றவரும் அவரே. இப்போது புது வீட்டுக் கூடத்தில் படம் வரைய அவளையே அழைத்திருந்தார். யாருடைய தங்கை என்பதுகூட அவருக்கு மறந்து போயிருந்தது.

“வாசல்ல நிக்கவன் அசந்து போவணும். முத்துக்குளிக்கிற தோணி என் வீட்டுக்குள்ள மிதக்கணும், பாத்துக்க.”

வாசலிலிருந்து பார்த்தால் தோணி மிதந்தது. கூடத்திலிருந்த செபப் பீடத்தின் முன் முழங்காலிடுபவர் கண்ணுக்கு மட்டும் அவள் ஒளித்து வரைந்த வேறு கோடுகள் கூடி, கவிழ்ந்த படகும் அதன் விளிம்பைப் பற்றிய கையும் தெரியும். கோயிலில் முன்வரிசையில் பூசை முழுக்க முழங்காலில் இருப்பவர் மனுவேல். பின்னாலிருந்து அந்த உயரத்தை அவள் கண்ணாலேயே அளந்து வைத்திருந்தாள். மறுநாள் சாமியார் வந்து, குடிபுகுமுன் செபம் சொல்லிப் புது வீட்டை மந்திரிக்கிறார். அந்தக் கையின் விரல்கள் மட்டுமே பாக்கி.

முதலாளியின் மனைவி விக்டோரியா சாயா கொண்டுவந்தாள். “ஏளா ஈவா, இறங்கு. காக்கா மாதிரி ஏணியிலயே கூடு கட்டிட்டியே!”

“முதலாளி இங்கனதான முழங்கால் போட்டுச் செபம் சொல்லுவாவ, அக்கா?”

“அவியளா!” விக்டோரியா சிரித்தாள். “கோயில்ல ஊரு பாக்கும். வீட்டுல யாரு பாக்கா? நின்னவாக்குல சிலுவை போட்டுட்டு ஓடிருவாவ. இங்கன முழங்கால் போடப் போறது நான் ஒருத்திதான். ஒங்க அண்ணன் பேரச் சொல்லித்தான் தெனமும் ஆரம்பிப்பேன்.”

சொல்லிவிட்டு மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்குப் போனாள்.

ஈவாஞ்சலின் ஏணியிலிருந்து இறங்கிச் சாயாவை எடுத்தாள். ஜாக்சன் காணாமல் போன வாரம், முதலாளிக்குப் பயந்து தெருவே அவர்கள் வாசலை மிதிக்கவில்லை. புறவாசல் வழியாக வந்து, பட்டினி கிடந்த அண்ணிக்குக் கஞ்சி ஊட்டிப் போனவள் விக்டோரியா. அதற்கு இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை.

மனுவேல் மீதிருந்த கோபம் துளியும் குறையவில்லை. விரல்களைப் போட்டால் முடிந்தது. ஆனால் அந்தக் கை தினமும் காலையில் யாரை நோக்கி நீளும்?

கடலின் நீலத்தைக் குழைத்தாள். முதலில், வரைந்திருந்த கையை அதனால் மூடினாள். பிறகு கவிழ்ந்த படகை மூடுவது எளிதாக இருந்தது. பீடத்தின் முன் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். தூணோரம் கறுப்பு ஒரு நகமளவு எஞ்சியிருந்தது. எழுந்து போய் அதையும் நீலமாக்கிவிட்டு, விக்டோரியா திரும்புமுன் தூரிகையைக் கழுவப் போனாள்.