எங்கே நின்றிருந்தீர்கள்?

யாரைப் பேட்டி கண்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: அப்போது நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்? பார்த்தேன் என்று சொல்பவர் எங்காவது நின்றுதானே பார்த்திருக்க வேண்டும்.

1941 ஆகஸ்டில் எங்கள் வர்னுபே ஊரின் யூதர்களை ஆற்றோரத் தானியக் களஞ்சியத்தில் மூன்று நாள் அடைத்துவைத்து, பிறகு காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். உத்தரவு ஜெர்மானியருடையது. காவல் நின்றவர்கள், கையில் வெள்ளைத் துணி கட்டிய எங்கள் லிதுவேனியர்கள். எல்லோரும் உள்ளூர்தான். அந்தக் காவலர்களில் நாற்பத்தாறு பேரின் பெயரைக் கண்டுபிடித்துப் புத்தகம் எழுதினேன்.

அன்றிலிருந்து ஊரில் எனக்கு முகம் கொடுத்துப் பேசுபவர் இல்லை. ரொட்டிக் கடைக்காரி பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். போகட்டும், ரொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நவம்பர் முதல் தேதி ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடி விளக்கேற்றும்போது என் பக்கத்தில் நிற்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு, தம்பி ஜில்வினாஸ். அம்மா அப்பா கல்லறையில் இருவரும் சேர்ந்து ஏற்றுவோம். கல்யாணம் செய்துகொள்ளாத எனக்குச் சொந்தம் என்று மிச்சம் இருப்பவன் அவன்.

இரண்டாம் பதிப்புக்கு ஒரு வரைபடம் சேர்க்கலாம் என்று செப்டம்பரில் எங்கள் பழைய வீட்டுக்குப் போனேன். அவன்தான் அங்கே குடியிருக்கிறான். புத்தகத்தின் உயிரே அப்பா பொவிலாஸின் சாட்சியம்தான். தையல்காரரின் மனைவி ஃப்ரூமா கதவோரத்து வாளியில் தலைத்துணியின் முனையை நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள், அந்த முனையில் நீல நூலால் பூ வேலை செய்திருந்தது என்று சொல்லியிருந்தார். ‘எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தவர்’ என்று அதற்கு அடிக்குறிப்பு எழுதியிருந்தேன்.

மாடி ஜன்னலில் போய் நின்றேன். களஞ்சியத்தின் கூரை தெரிந்தது, முதுகுச் சுவர் தெரிந்தது. கதவு தெரியவில்லை. அது ஆற்றுப் பக்கம் இருந்தது.

பழைய நில வரைபடங்களையும் எடுத்துப் பார்த்தேன். கதவு ஒன்றுதான், அன்றும் ஆற்றுப் பக்கம்தான். அந்தப் பூவைப் பார்க்க வேண்டுமானால் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். அங்கே நிற்க அனுமதி யாருக்கு இருந்தது என்பதை உலகத்திலேயே என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

ஜில்வினாஸிடம் சொன்னேன். அவன் காப்பிக் கோப்பையை மேசைமேல் சுற்றிக்கொண்டிருந்தான்.

“ஒரு வரிதானேக்கா. விட்டுடேன். செத்துப் பன்னெண்டு வருஷமாச்சு அவருக்கு.”

“நாப்பத்தாறு பேர் பேரைப் போட்டேன்டா. அவங்களுக்கும் தம்பி தங்கச்சி இருந்தாங்க.”

“அவங்க யாரும் உன் காய்ச்சலுக்குக் கண் முழிச்சு உக்காரலை. நாப்பத்தேழாவதா அப்பாவைப் போட்டா, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. விளக்கேத்த என்கூட வராதே.”

வீட்டுக்கு வந்து, அப்பாவைப் பேட்டி எடுத்த ஒலிநாடாவைப் போட்டேன். அப்பா எப்படிப் பொய் சொன்னார் என்று கேட்கத்தான் போட்டேன். கோபம் எனக்கு. ‘ஜன்னலிலிருந்து’ என்று அவர் சொல்லும் இடத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. முதலிலிருந்து மறுபடி கேட்டேன். அவர் ஜன்னல் என்றே சொல்லவில்லை. அந்தச் சொல் என் கையெழுத்தில் மட்டும்தான் இருந்தது.

நாடாவின் கடைசியில் அவர் இருமுகிறார். “அவ்ளோதானாம்மா? வேற எதுவும் கேக்கலையா?” என்கிறார். என் குரல் சிரிக்கிறது. “போதும்ப்பா. சூப் ஆறுது, வாங்க.” பிறகு பொத்தானை அமுக்கும் சத்தம்.

ஊரில் முன்பின் தெரியாத கிழவர்களை எல்லாம் கதவைத் தட்டிக் கேட்டவள், சொந்த அப்பாவிடம் கேட்காமல் விட்டேன். அவர் காத்திருந்தார். அழுதேன், வெட்கமாக இருந்தது.

பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தேன். அடிக்குறிப்பையும் மாற்றினேன்: ‘ஜன்னல் என்பது சாட்சி சொன்னதல்ல. பேட்டி எடுத்தவர் தாமாகச் சேர்த்தது. பேட்டி எடுத்தவர் அவருடைய மகள்.’ அக்டோபர் கடைசியில் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, ஜில்வினாஸுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

நவம்பர் முதல் தேதி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஜில்வினாஸ் எனக்கு முன்பே வந்து போயிருந்தான். இலைகளைப் பெருக்கி, இரண்டு விளக்கு ஏற்றி வைத்திருந்தான். அடுத்த கல்லறைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். என் விளக்கையும் ஏற்றி அப்பா பெயருக்குக் கீழே வைத்தேன். பிறகு, மற்ற எல்லோரிடமும் கேட்டதுபோலவே, கேட்டேன்.

“அப்பா, நீங்க எங்க நின்னீங்க?”