படகை இறுக்கிக் கட்டுவதா, விட்டுக் கட்டுவதா?

1

இக்கதை ஒரு கொடிக்கயிற்றில் பிறந்தது. துணி உலர்த்துதற்கேற்ற கயிறு எதுவென்று கைப்பேசியில் தேடினேன். அதுவோ, துறையில் படகு கட்டுதற்குரிய கயிற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பக்கம் பக்கமாக விளக்கிற்று. தொடங்கிய பாடத்தை இடையில் நிறுத்தும் வழக்கம் எனக்கில்லை, முழுவதையும் படித்தேன். நைலான் கயிறு இழுவைக்கு நெகிழ்ந்துகொடுக்கும். படகு பெரிதாயின் கயிறும் பருமனாக வேண்டும். உராயும் இடத்தில் துணி சுற்றவேண்டும். இத்துணை அறிவையும் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டையில் என்ன செய்வது? கதை எழுதலாம் என்று முடிவுசெய்தேன். துணி நாற்காலியின்மேல் காய்கிறது.

2

முதல் தொடக்கம்: "அலைகடலின் ஓரத்தில் தன் தோணியைப் பிணித்துவிட்டு அவன்..."

(அடித்துவிட்டேன். திருச்சுழி வட்டாரத்தில் அலைகடலுக்கு எங்கே போவது?)

இரண்டாம் தொடக்கம்: "குண்டாற்றில் என்றும்போல் வெள்ளம் கரைபுரண்டு..."

(இதனையும் அடித்தேன். 'என்றும்போல்' என்பதைக் கண்டால் ஆற்றுமணலே சிரிக்கும்.)

கதையில் படகு வேண்டுமாயின் முதலில் நீர் வேண்டும். ஆகவே மழை பெய்வித்தேன். ஐப்பசியில் பிடித்த மழையைக் கார்த்திகை முடியும்வரை விடவில்லை. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. அவ்வூரார் எனக்கு நன்றி கூறவில்லை என்பது வேறு.

3

அக்கண்மாயின் நடுவே ஒரு திட்டு. திட்டின்மேல் அய்யனார் கோயில். பெரும்பாலான ஆண்டுகளில் காய்ந்த தரையில் நடந்துபோய்ப் பொங்கல் வைத்துத் திரும்புவார்கள். அங்கே தன் மகளுக்குக் காதுகுத்து என்று முனீஸ்வரி பத்திரிகையும் அடித்துவிட்டாள். பிறகுதான் நான் மழை பெய்வித்தேன்.

அவள் கணவன் செல்லப்பாண்டி, "டவுனுல மண்டபம் பாத்துக்கிருவோம்" என்றான். அவளுடைய அண்ணன் வீரபாண்டி விடுவானா? குழந்தையை மடியில் வைத்துக் காதுகுத்துவிக்க வேண்டிய தாய்மாமன் அவன். தொண்டிப் பக்கமிருந்து பழைய படகொன்றை வாடகைக்குப்* பேசி, லோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். சும்மா கொண்டுவந்திருக்கலாம். சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில் வாயையும் விட்டுவிட்டான்:

"காலையில அம்புட்டுப் பேரையும் படகுலதேன் கூட்டிட்டுப் போவேன். இல்லேன்னா தாய்மாமன்ற மொறையே எனக்கு வேணாம்."

(* விலைக்கு வாங்கினான் என்றே முதலில் எழுதினேன். அவன் மனைவி என்ன சொல்வாளோ என்று அஞ்சி மாற்றிவிட்டேன்.)

4

அருப்புக்கோட்டையில் கயிற்றுக்கடைக்காரர் சீனிச்சாமி வீரபாண்டியிடம் கேட்டார்: "மாட்டுக்கா, கெணத்துக்கா?"

"படகுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார். "எந்த ஊருப் படகு?"

"நம்ம கம்மாய்லதேண்ணே கட்டணும்."

"பால் கறக்குமா?"

"வெளாடாதீகண்ணே."

"சரி, முட்டுமா, ஒதைக்குமா? அதச் சொல்லுங்க. அதுக்குத் தக்கனதேன் கயிறு."

இவ்விடத்தில் வீரபாண்டி, 'நெகிழ்ச்சியும் உராய்வு தாங்கும் தன்மையும் ஒருங்கே அமைந்த கயிறு வேண்டும்' என்று கூறுவதாக எழுதியிருந்தேன். (அடித்துவிட்டேன். பேசியவன் நான். என் தலையை அவன் கழுத்தில் ஒட்டவைத்தால் ஒட்டுமா?) அவன் உண்மையில் சொன்னது: "இழுத்தாக் கொஞ்சம் குடுக்கணும், ஆனா அறுந்துரக் கூடாது." கட்டைவிரற் பருமனுள்ள நைலான் கயிறு ஒன்று வண்டியேறிற்று.

5

காதுகுத்துக்கு முதல்நாள் மாலையில் படகைக் கட்டினான். எப்படிக் கட்டினான்? அவனுக்குத் தெரிந்த ஒரே முறையில், காளையைக் கட்டுவதுபோல. முன்பக்க வளையத்தில் மூக்கணாங்கயிறாக மாட்டி, கரையோரக் கருவேல மரத்தோடு ஒட்ட இழுத்து, அசையவொட்டாமல் இறுக்கினான்.

"வைக்கோலு போடலையா மச்சான்?" என்றான் செல்லப்பாண்டி.

வயலுக்குப் பாய்ச்ச அன்றுதான் மடையைத் திறந்திருந்தார்கள்; விடிவதற்குள் நீர் இறங்கும். வானமும் கறுத்திருந்தது, பெய்தால் நீர் ஏறும். (மடையைத் திறந்தவனும் வானைக் கறுக்கச் செய்தவனும் நானே. கதைக்குச் சிக்கல் வேண்டுமன்றோ?) ஆக, மூன்று முடிவுகள்.

அ. இறுக்கிக் கட்டியது கட்டியபடி. நீர் இறங்கிவிடுகிறது. காலையில் படகு மரத்தில் மூக்கால் தொங்குகிறது. விருந்தினர் செல்பி எடுத்துக்கொள்கின்றனர்.

ஆ. நீளமாக விட்டுக் கட்டுகிறான். படகு மேய்ந்துகொண்டே கருவேல முள்ளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது. மீட்கப் போனவனை மீட்க இன்னொருவன் போக, அவனை மீட்க...

இ. முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாகக் கயிறிட்டு அளவாக விட்டுக் கட்டுகிறான். படகு மிதக்கிறது. செல்லப்பாண்டி வாயடைத்து நிற்கிறான். (இதனை அடித்துவிட்டேன். வாயடைத்து நின்ற மாப்பிள்ளையை இவ்வட்டாரத்தில் ஒருவரும் நம்பார்.)

6

"ஐயா," என்று முனீஸ்வரி குறுக்கிட்டாள். கதைமாந்தர் ஆசிரியனிடம் பேசுதல் முறையன்று. எனினும் பேனாவைக் கீழே வைத்தேன். "ஊருக்கு முன்னால எங்கண்ணனத் தலகுனிய வச்சுராதீகய்யா. அது சொன்னாச் சொன்னதுதேன். நாளைக்குப் படகு இல்லேன்னா எம்பிள்ளயத் தொடாது. இவுக வேற ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாக."

நான் விடை தேடுவதற்குள் செல்லப்பாண்டி மரத்திலிருந்த கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படகுக்குள் ஏறிவிட்டான். இதை நான் எழுதவில்லை.

"நான் படகுலயே படுத்துக்கிறேன் மச்சான். முள்ளுப் பக்கம் போனாத் தள்ளிவிட்டுக்கிருவேன். கயித்த மட்டும் விட்டுக் கட்டுங்க. எம்மக காதுகுத்து, எனக்கு அக்கற இல்லையா?"

வீரபாண்டியும் தாவி ஏறினான். "எறங்குங்க மாப்ள! படகு நின்னா ஒங்களாலதேன் நின்னுச்சும்பீக. தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க எறங்குங்க மச்சான்."

"நீங்க எறங்குங்க மாப்ள."

ஒருவரும் இறங்கவில்லை. படகு மெல்லக் கரையைவிட்டு நகர்ந்தது. பின்னாலேயே கயிறும் புறப்பட்டது. முனீஸ்வரி ஓடிவந்து நுனியைப் பற்றி, மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"இறுக்கிக் கட்டு, தங்கச்சி!" என்றான் அண்ணன்.

"விட்டுக் கட்டுடி!" என்றான் கணவன்.

'அளவாக, அம்மா' என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவள் எங்கள் மூவரையும் பார்த்தாள்.

"ஐயா, இத வாசிக்கிறவுகள்ல ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருசன்னு வச்சிருக்கிற பொம்பளையாளு யாராச்சும் இருப்பாக. நான் அவுகளக் கேட்டுக்கிறேன். நீங்க செத்த பேசாம இருங்க."

பேசாதிருக்கிறேன். வாசிக்கும் அம்மா, நீங்களே சொல்லுங்கள். சற்று விரைந்து சொல்லுங்கள். கயிறு அவள் கையை இழுக்கிறது.