ஈசுலின் டீச்சர்

பள்ளி விட்டதும் நாரேயை ஒரு மஞ்சள் வேன் டேக்வாண்டோ வகுப்புக்கு அள்ளிக்கொண்டு போகும். அங்கிருந்து பியானோ, அப்புறம் ஆங்கில டியூஷன். அப்பாவுக்கு ஊல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. வீட்டுக்கு வருவது எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் டியூஷனில்தான் இருந்தாள், தேஜோன் நகரின் மறுகோடியில், ஊரார் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு. நாரேயின் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே பிழைப்பு. அவளும் முணுமுணுத்ததில்லை, ஈசுல் என்ற பெயர் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும்வரை.

“இன்னிக்கு ஈசுல் என்ன பண்ணா தெரியுமா? பின்னக் கணக்க மனசுலயே போட்டுட்டா!” கிம்ச்சிக் குழம்பை ஊற்றியபடியே அம்மா சொல்வாள். “பாவம்டி அவ. அப்பா அம்மா ரெண்டு பேரும் கோழி வறுக்கிற கடையே கதின்னு கிடக்கிறாங்க. கவனிக்க ஆளில்ல. நான்தான் ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேன்.”

‘எனக்கு யாராம் உரிச்சுக் குடுக்கிறது?’ நாரேக்குத் தொண்டைவரை வரும். சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை, கடையில் அம்மா நீலக் கையுறை ஒன்றை எடுத்துப் பார்த்தாள். “ஈசுலுக்கு நல்லா இருக்கும்ல? எப்பவும் கை சில்லுன்னு இருக்கும் அவளுக்கு.”

அது எப்படித் தெரியும்? பிடித்துப் பார்க்காமல் தெரியுமா? அன்று முழுக்க நாரே தன் கைகளைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பியானோ வகுப்பு வாசலில் வேன் இறக்கிவிட்டது. நாரே உள்ளே போகவில்லை. சாலையைக் கடந்து, அம்மா வேலை பார்க்கும் இடத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

“முதல் நாள் வகுப்பு இலவசம்னு வெளிய போட்டிருக்கீங்களே,” என்றாள் வரவேற்பில் இருந்த பெண்ணிடம். அந்தப் பெண் வேலைக்குப் புதுசு. நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் அறையைக் காட்டினாள்.

உள்ளே வந்த அம்மாவின் கண் நாரேமேல் பட்டது. வாய் ஒருமுறை திறந்து மூடியது.

“புதுசா? பேர் என்னம்மா?”

“நாரே... டீச்சர்.”

பாடம் தொடங்கியது. அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் உண்டென்றே நாரேக்குத் தெரியாது. மணி மாதிரி ஒலித்தது. வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பு. வீட்டுக்கு வந்து சேர்வதோ கரகரத்துப் பாதியில் நின்றுபோகும் குரல். நல்லதையெல்லாம் இங்கேயே செலவழித்துவிட்டு மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறாளா?

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி. ஸ்வெட்டரில் எண்ணெய் வாசனை. அம்மா கடந்துபோகும்போது அவள் தலையை லேசாக வருடினாள். ஈசுல்தான், கேட்கவே வேண்டாம்.

அம்மா ஒவ்வொருவராகப் பலகைக்குக் கூப்பிட்டாள். நாரேயின் முறை வந்தது. எழுதிய விடை தப்பு.

“இதுகூடத் தெரியாதா?” என்றாள் ஈசுல். “உங்க டீச்சர் என்னதான் சொல்லித் தராங்க?”

அறையே சிரித்தது.

“இவங்க எங்கம்மா!” என்று கத்தினாள் நாரே.

சிரிப்பு பட்டென்று நின்றது. ஈசுலின் முகம் சுருங்கியது. “நெசமாவா? அப்ப தினமும் டீச்சர் பக்கத்துலதான் படுத்துப்பியா?”

“ஆமா.”

“வீட்டுலயும் இப்படி ஜோக்கடிப்பாங்களா?” என்றான் ஒரு பையன்.

“தினமும். சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிக்கும்.” ஈசுலைப் பார்த்தே சொன்னாள் நாரே. “எனக்குத்தான் முதல்ல ஆரஞ்சு உரிச்சுத் தருவாங்க.”

ஈசுல் தலையைக் குனிந்துகொண்டாள். நாரேக்கு இனித்தது. திரும்பினால், அம்மா பலகையைப் பார்த்தபடி எதுவும் எழுதாமல் நின்றிருந்தாள். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

வீடு திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டாள்: “பியானோ டீச்சர் போன் பண்ணாங்கடி. நீ கண் முன்னாடி உக்காந்திருந்தும் எனக்கு உசுரே போயிடுச்சு. ஏன் இப்படிப் பண்ணே?”

“அவ கை சில்லுன்னு இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அம்மாவுக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே பார்த்தபடியே சொன்னாள்: “டியூஷன் டைரக்டர்கிட்ட கேட்டுட்டேன். நீயும் என் வகுப்புக்கே வந்துடலாம். ஆனா அங்க என்னை டீச்சர்னுதான் கூப்பிடணும்.”

ஈசுலுக்குப் பக்கத்தில், அத்தனை பேரில் ஒருத்தியாக. “வேணாம்மா. எனக்கு டீச்சருங்க ஏற்கெனவே நிறைய இருக்காங்க.”

அதன்பின் வீட்டில் ஈசுல் பேச்சே எழவில்லை. நாரே சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தனக்குத் தெரியாமல் அங்கே என்னவெல்லாம் நடக்கிறதோ என்ற எண்ணம் முன்னைவிட அரித்தது.

அம்மா புதன்கிழமை வகுப்பை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தாள். முதல் புதன் இருவரும் காரமான அரிசிப் பண்டமான தொக்போக்கி வாங்கி வந்து சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவி வைத்த கையோடு, உடுப்புகூட மாற்றாமல், அம்மா தரையில் சாய்ந்து தூங்கிப்போனாள். நாரே அருகில் படுத்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

அம்மாவின் போன் அதிர்ந்தது. திரையில் ஈசுலின் பெயர்.

நாரே மறுகையால் அதைக் குப்புறக் கவிழ்த்து, மேலே தலையணையை வைத்து அழுத்திக்கொண்டாள்.