இன்றைக்கென்று வலிக்காத உடம்பு

...இன்றைக்கென்று பார்த்து வலிக்கவில்லை, என்ன செய்வது, நாலு மாதமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆளைப் போட்டு முறிக்கிற உடம்பு, மெடிக்கல் போர்டு வரச்சொன்ன இந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் சமர்த்தாக இருக்கிறது. ஆவூரிலிருந்து இந்தப் பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டுகூட வந்தேன், வெட்கக்கேடு. பக்கத்தில் இவர், என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி, ஸ்கேன்களை அடைத்த துணிக்கடைக் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருக்கும் டெங்கு போஸ்டரை மூன்றாவது தடவையாகப் படிக்கிறார். எதிர் பெஞ்சில் ஒரு கண்டக்டர், முட்டி வரைக்கும் மாவுக்கட்டு, கொடுத்துவைத்த மனிதர், அவர் வாயே திறக்க வேண்டாம், கால் பேசிவிடும். நான் என்னத்தைக் காட்டுவேன்? குளித்து, பவுடர் போட்டு, கோயில் திருவிழாவுக்கு எடுத்த கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டி, இரண்டு முழம் மல்லிகை வேறு... இந்தக் கோலத்தில் வந்து எனக்கு முடியவில்லை என்றால் எவன் நம்புவான்? வெளியே கிளம்பினால் நாலு பேர் பார்க்கிற மாதிரிப் போக வேண்டும், அம்மா வளர்த்த வளர்ப்பு அது. அவள் சாகக்கிடந்தபோதுகூட ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் சேலையை மாற்றிவிடு என்றுதான் ஜாடை காட்டினாள். பூவை எடுத்துவிடலாமா? எடுத்தால் இவர் ஏன் என்பார். பவுடரையாவது முந்தானையால் துடைக்கலாம், துடைத்தால் அது நடிப்பா, வலிக்கிறவள் வலிக்கிறமாதிரி இருப்பது நடிப்பில் சேருமா...

அது எப்படி வரும் என்று உள்ளே கேட்டால் சொல்ல வேண்டும், மனசுக்குள் ஒப்பித்துப் பார்க்கிறேன். இடது தோள்பட்டையில் ஆரம்பிக்கும் சார், எறும்பு ஊர்கிறமாதிரி, பிறகு அதே எறும்பு கடிக்க ஆரம்பிக்கும், முதுகு, இடுப்பு, தொடை, கையில் பிடித்த சாக்பீஸ் விழும், குனிந்து எடுக்க முடியாது, முன்னால் நிற்கும் பிள்ளையின் பெயர் மறந்துவிடும்... சொல்லும்போதே கதையாக இருக்கிறதே, எனக்கே நம்பிக்கை வரவில்லையே. ரத்தம் நார்மல், தைராய்டு நார்மல், மதுரையில் எடுத்த ஸ்கேன் நார்மல். அந்த ரிப்போர்ட் வந்த அன்று இவர் அரைக் கிலோ லட்டு வாங்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார், நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு கட்டியாவது இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன், சேசுவே, அப்படியும் நினைத்தேன். எச்.எம். ராஜலட்சுமி டீச்சர் போனில் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், மனசை ஃப்ரீயா விடுங்க, யோகா பண்ணுங்க என்று. நாத்தனார் அப்படியெல்லாம் சுற்றி வளைக்கவில்லை, கட்டுமாவடி போகப் பிடிக்கவில்லை, அதற்கு ஒரு வியாதி என்று அடுப்படியில் நின்று என் காதுபடவே சொன்னாள். பிடிக்கவில்லைதான். அது பொய்யில்லை. வீடு இருக்கும் ஆவூருக்கும் பள்ளிக்கூடம் இருக்கும் கட்டுமாவடிக்கும் மாவட்டத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம், வாடகை அறை, ஒற்றைச் சோறு, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை ஓடுகிற பிழைப்பு. எனக்கு முடியவில்லை என்று போர்டு எழுதிக்கொடுத்தால் எடுத்த லீவும் சரியாகிவிடும், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதலும் கேட்கலாம். எழுதிக்கொடுக்காவிட்டால் மறுபடி பஸ் ஏற வேண்டும். அப்படியானால் பிடிக்காததுதான் வலிக்கிறதா? பிடிக்காத எல்லோருக்கும் சாக்பீஸா விழுகிறது?

இத்தனைக்கும் என்னை நம்பிய ஒரே ஆள் அந்தக் கட்டுமாவடியில்தான் இருக்கிறாள். மூக்காயி, ஏழாம் வகுப்பு அறிவுமதியின் அம்மா, கடற்கரையில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவள். நான் படுத்துக்கிடந்த ஒரு நாள் நண்டு ரசம் வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள், வாசலில் நின்றபடியே, "ஒடம்பு என்ன சொல்லுது டீச்சர் இன்னைக்கு?" என்றாள். எங்கே ரிப்போர்ட், எந்த டாக்டர் என்றெல்லாம் இல்லை. உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்டதும் நான் கடகடவென்று சொன்னேன், எறும்பிலிருந்து பெயர் மறப்பது வரைக்கும். அவள் ம் கொட்டிக் கேட்டுவிட்டு வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். இப்போது உள்ளேயும் அப்படிக் கேட்டால் போதும், சொல்லிவிடுவேன், வலியே, நீ வராவிட்டாலும் பரவாயில்லை, இல்லை, வா, கொஞ்சம் வந்துவிட்டுப் போ, பத்தே நிமிடம்... வலி வர வேண்டும் என்று மாதாவிடம் வேண்டுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடைக்கலமேரி என்று கூப்பிட்டார்கள். எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே, இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிற்பதுபோல விறைப்பாக, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே இருந்த மூன்று டாக்டர்களுக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்து. நடுவில் இருந்த வயதான டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார். நீங்க நல்லா இருக்கீங்களா?"

சொல்லிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியவர் ஒருவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் வேறு என்னதான் சொல்வது, எந்தப் பிள்ளைக்கு வேறு பதில் சொல்லிக்கொடுத்தோம்? மூன்று பேரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். அதற்குப் பிறகு எறும்பைச் சொன்னேன், சாக்பீஸைச் சொன்னேன், எல்லாம் பிந்தி வந்த சொற்கள், ஓரத்தில் இருந்த பெண் டாக்டர் என் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மடக்கச் சொன்னார்கள், மடக்கினேன். குனியச் சொன்னார்கள், தரையைத் தொட்டேன், பாழாய்ப்போன உடம்பு தொட்டுக் காட்டியது. "நல்லாத்தானே இருக்கீங்க, திங்கக்கிழமை ஜாயின் பண்ணிருங்க டீச்சர்," என்று பெரியவர் பேனாவை எடுத்துவிட்டார்.

வெளியே வந்து தூணோரம் நின்றேன், சரியாக அப்போதுதான், தோள்பட்டையில் முதல் எறும்பு. வந்துவிட்டாயா, வா, உனக்கு நேரம் பார்க்கத் தெரிகிறது... திரும்பி உள்ளே ஓடலாமா, சார், இந்தா வந்துவிட்டது, பாருங்கள் என்று? எதைப் பார்ப்பார்கள்? விரல்கள் விறைக்கின்றன, இடுப்புக்கு இறங்குகிறது, கண்டக்டரை இரண்டு பேர் தாங்கி உள்ளே கூட்டிப்போகிறார்கள். இவர் எழுந்து வந்தார், என்ன சொன்னார்கள் என்று கேட்க வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார், பையை இடுக்கிக்கொண்டு, குனிந்து, நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை, "என்ன மேரி, வலிக்குதா?"

"ஒண்ணுமில்லங்க."

வாய் முந்திக்கொண்டது. நான் சொல்லவில்லை, அதுவாகச் சொன்னது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, டீ வாங்கியாறேன், இங்கிட்டே இரு என்று போகிறார். பத்தொன்பது வருடமாக இந்த முகத்தைத்தான் பார்க்கிறேனா, இந்த நிம்மதியை நான்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேனா? நம்பவில்லை, நம்பவில்லை என்று சண்டை போட்டிருக்கிறேன், எரிந்துவிழுந்திருக்கிறேன், இந்தக் கட்டைப்பையை ஒரு தடவை தூக்கி எறிந்தும் இருக்கிறேன், எல்லாம் வலி போன பிறகு. வலிக்கிறபோது, வலிக்கிற அந்த நேரத்தில், வலிக்கிறது என்று இவரிடம் எப்போதாவது... யோசித்துப் பார்க்கிறேன், ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை, மறதியா, நடக்கவே இல்லையா? இரண்டு கையிலும் டீயோடு அதோ வருகிறார், தளும்பாமல் பார்த்துப் பார்த்து வருகிறார், இன்னும் பத்தடி இருக்கிறது, சொல்லிவிடலாம், இப்போது சொன்னால் போதும் என்று நினைப்பதற்குள், அவர் நிமிர்ந்து பார்த்துவிட, என் முகம் தானாகச் சிரித்துவைக்கிறது.